காரணம் இருப்பதால்தான் முடிவு என்னுடையது

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மனித மனத்தின் சுதந்திரத்துக்கு இடம் தருவது தற்செயலே என்கிறது எதிரணி. காரணமே என்கிறோம் நாங்கள். எனக்கு முன் பேசிய நண்பர் இரண்டு சான்றுகளை வைத்துச் சென்றார். முடிவெடுத்துவிட்டோம் என்று நாம் உணர்வதற்கு முன்பே மூளை வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் காட்டிவிட்டார், ஆகவே காரணச் சங்கிலிக்குள் சுதந்திரத்தைத் தேடுவது வீண் என்பது ஒன்று. அணுக்களின் உலகில் தற்செயல் ஆட்சி செய்கிறது, அந்தத் திறப்பின் வழியேதான் சுதந்திரம் உள்ளே வருகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இது மிகப் பழைய வாதம். நேராக விழும் அணுக்கள் எந்தக் காரணமும் இன்றிச் சற்றே விலகுகின்றன என்றும், உயிர்கள் தம் விருப்பப்படி நடப்பதற்கு அந்த விலகலே இடம் தருகிறது என்றும் கிரேக்கத் தத்துவஞானி எப்பிகியூரஸ் மரபில் வந்த உரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் பாடினார். பின்னர் 1814இல் பிரெஞ்சு கணித அறிஞர் லாப்லாஸ், இயற்கையின் எல்லா விசைகளையும் எல்லாப் பொருள்களின் நிலைகளையும் ஒரு கணத்தில் அறியக்கூடிய அறிவு ஒன்று இருந்தால் அதற்கு எதிர்காலமும் கடந்தகாலம் போலவே கண்முன் நிற்கும் என்று எழுதினார். ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்று 1927இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் வகுத்த நிச்சயமின்மைக் கோட்பாடு அந்த நம்பிக்கையை அசைத்தது. கதிரியக்கம் கொண்ட கார்பன்-14 அணுக்களில் பாதி ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்று நம்மால் சொல்ல முடிகிறது; ஆனால் குறிப்பிட்ட ஓர் அணு எந்தக் கணத்தில் சிதையும் என்பதை எந்த அளவீட்டாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதை எங்கள் அணி மறுக்கவில்லை. இயற்கையின் அடித்தளத்தில் தற்செயல் இருக்கட்டும். அது எனக்கு என்ன தருகிறது என்பதே என் கேள்வி.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பொய் சொன்னால் பெரும் பணம் தருவதாக ஒருவர் ஆசை காட்டுகிறார். அவர் மறுக்கிறார். ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டால், பாதிக்கப்பட்டவரின் முகம் நினைவில் நிற்கிறது, வளர்த்தவர்கள் சொல்லித் தந்தது மனத்தில் இருக்கிறது, பொய்யோடு வாழ முடியாது என்று தெரியும் என்பார். இவை அத்தனையும் காரணங்கள். இவற்றை ஒவ்வொன்றாக அகற்றிவிட்டு, அவருடைய மூளைக்குள் ஓர் அணு அந்தக் கணத்தில் சிதைந்ததால் மறுப்பு வந்தது, சிதையாதிருந்தால் சம்மதம் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த மறுப்பை இனி அவருடையது என்று எவ்வாறு சொல்வது? அவருக்கு நேர்ந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒருவரின் குணத்திலிருந்தும் மனப்பாங்கிலிருந்தும் பிறக்காத செயலுக்கு அவரைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே தத்துவஞானி டேவிட் ஹியூம் வாதிட்டார். எதிரணி இன்றுவரை அதற்கு விடை சொல்லவில்லை.

இனி லிபெட். 1983இல் வெளியான அவருடைய ஆய்வில், விரும்பிய நேரத்தில் மணிக்கட்டை மடக்குமாறு பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டது. முன்கூட்டித் திட்டமிடாமல், உந்துதல் தானாக எழும்போது மடக்க வேண்டும். கடிகார முகப்பு போன்ற வட்டத்தில் சுழலும் புள்ளியைப் பார்த்து, அந்த உந்துதல் எழுந்த கணத்தையும் அவர்கள் குறித்தார்கள். அசைவுக்குச் சுமார் 550 மில்லி வினாடிக்கு முன் மூளையில் ஆயத்த அலை, அதாவது அசைவுக்கு முன் மெல்ல எழும் மின் மாற்றம், தொடங்கியது. உந்துதலை அவர்கள் உணர்ந்ததோ சுமார் 200 மில்லி வினாடிக்கு முன்புதான். இந்த இடைவெளியைக் கண்டு பலர் சுதந்திரத்துக்கு இரங்கற்பா எழுதிவிட்டார்கள். ஆனால் அங்கே என்ன முடிவு எடுக்கப்பட்டது? இப்போது மடக்கினால் என்ன, அடுத்த கணத்தில் மடக்கினால் என்ன? எந்தக் காரணமும் தேவைப்படாத வகையில் அமைக்கப்பட்ட சோதனை அது.

2012இல் ஆரன் ஷூர்கரும் அவருடைய குழுவினரும் அந்த அலைக்கு வேறொரு விளக்கம் தந்தார்கள். மூளையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் தற்செயலான ஏற்ற இறக்கங்கள் ஒரு வரம்பைத் தாண்டும்போது கை அசைகிறது. அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கிச் சென்று பல பதிவுகளின் சராசரியை எடுப்பதால் அது முன்பே எடுத்த முடிவு போலத் தோன்றுகிறது என்றார்கள். நடுவர் அவர்களே, இதைக் கவனிக்க வேண்டுகிறேன். தற்செயல் மூளையில் வேலை செய்கிறது என்பது உண்மையானால், காரணம் இல்லாத இடத்தை நிரப்பவே அது வருகிறது. 2019இல் ஊரி மாவோஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதையும் தாண்டிச் செல்கிறது. எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை போக வேண்டும் என்று உண்மையாகவே எடைபோட்டுத் தேர்ந்தபோது, பொருளற்ற தேர்வுகளில் தெரிந்த அந்த ஆயத்த அலை ஏறக்குறையக் காணப்படவில்லை. நமக்கு முக்கியமான முடிவுகளைப் பற்றி மணிக்கட்டுச் சோதனை தீர்ப்புச் சொல்ல முடியாது.

எங்கள் அணிக்கும் ஒரு கடினமான கேள்வி உண்டு. அதை நான் மறைக்கப்போவதில்லை. என் மூளையை நான் தேர்ந்தெடுக்கவில்லை, என் பெற்றோரையும் பிறந்த ஊரையும் தேர்ந்தெடுக்கவில்லை, காரணச் சங்கிலியோ நான் பிறப்பதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. அப்படியானால் எல்லாம் விதிதானே என்று கேட்கலாம். விதி என்பது, நான் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் நடப்பது நடந்தே தீரும் என்ற கொள்கை. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக்கணக்கர்களிடம், அதாவது பல சமயங்களின் அறிஞர்களிடம், கேட்ட கொள்கைகளுள் ஆசீவகமும் ஒன்று. நியதியின், அதாவது விதியின், முன் மனித முயற்சிக்கு ஆற்றல் இல்லை என்பது அந்தச் சமயத்தின் நிலைப்பாடு. அதை எதிர்த்த பௌத்தம் தற்செயலின் பக்கம் சாயவில்லை. நிகழ்வுகள் காரணமின்றி நிகழ்கின்றன என்பதையும் மறுத்தது, முயற்சி வீண் என்பதையும் மறுத்தது. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகிறது என்றால் என் முயற்சியும் அந்தச் சார்புகளுள் ஒன்று. அது இல்லாவிட்டால் விளைவும் வேறாகும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த விடையைத்தான் நான் இந்த மேடையில் ஏந்தி நிற்கிறேன்.

குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்பும் ஒருவர் மருத்துவரைத் தேடிப் போகிறார். மருந்து தரப்படுகிறது. குடிக்க அழைக்கும் கூட்டத்தையும் வழியையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் ஆசை எழுகிறது என்பதை அவரே கண்டறியப் பழக்குகிறார்கள். குடும்பத்தினர் உடன் நிற்கிறார்கள். மெல்ல மெல்ல, முன்பு அவரை ஆட்டி வைத்த காரணங்கள் வலுவிழந்து, அவரே விரும்பி ஏற்ற காரணங்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. முன்பைவிட அவர் இப்போது சுதந்திரமானவர் என்பதை எதிரணியும் மறுக்காது என்று நம்புகிறேன். இந்தப் பயணத்தில் எந்தப் படியில் தற்செயல் அவருக்குக் கைகொடுத்தது என்பதை, அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இந்த அவைக்குக் காட்ட வேண்டும். நன்றி, வணக்கம்.