பாதித் தீர்ப்போடு இறங்கிவிட்டார் நண்பர்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நகரத்து ஏழைக்கு நியாயம் வாங்கித் தருவது நீதிமன்றமா, மக்கள் கூடிக் கட்டும் அமைப்பா என்பது கேள்வி. நீதிமன்றம்தான் என்று வாதாடிய எதிரணி நண்பர், குடிசைகளை மாநகராட்சி அகற்றுவதை எதிர்த்துப் பம்பாய் நடைபாதைவாசிகளுக்காகப் போட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிவிட்டார். வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985 ஜூலையில் சொன்னது உண்மைதான். ஆனால் ஐயா பாதித் தீர்ப்போடு மேடை இறங்கிவிட்டார்.

மீதியை நான் சொல்கிறேன். மனுப் போட்டவர்களில் ஒருவர் நம்ம சேலத்துக்காரர். நிலமில்லாத கூலியாள், 1961இல் பிழைக்கப் போனவர். 1981இல் குடிசையைப் பிரித்து, குடும்பத்தோடு பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஊரில் வேலை ஏது? திரும்பிப் போனார். இப்படிப்பட்டவர்களுக்குத் தீர்ப்பு கொடுத்தது என்ன? அக்டோபர் 31 வரை தவணை! அதற்கப்புறம் நடைபாதையைக் காலி செய்யலாம். 1976 கணக்கெடுப்பில் இருந்தவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. பட்டியலில் பெயர் இல்லாதவன் எங்கே போவான்?

அந்தப் பட்டியல் போடும் வேலையைத்தான் மக்கள் கையில் எடுத்தார்கள். அதே 1985இல் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து, பம்பாயின் பைக்குல்லா பகுதியில் சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். பிறகு பெண்கள் 'மகிளா மிலன்' என்று கூடி, தினமும் சில்லறை சேமித்தார்கள். பரண் வைக்க வசதியாக 14 அடி உயரத்தில் தாங்களே வீடு வடிவமைத்து, மாதிரி செய்து பொதுமக்களுக்குக் காட்டினார்கள். எந்த வக்கீலுக்கு ஐயா இந்த 14 அடிக் கணக்கு தெரியும்? வருடங்கள் ஆயின; அதே நகரத்தின் மான்கூர்ட் பகுதியில் மிலன் நகர் என்ற கூட்டுறவுக் குடியிருப்புக்குப் போனார்கள்.

இவர்களோடு நின்றவர் கோலாரில் பிறந்த தமிழர், ஜாக்கின் அற்புதம். பம்பாயின் ஜனதா காலனிக் குடிசைப் பகுதியில் குப்பை அள்ள ஆள் வராதபோது, சிறுவர்களை ஆளுக்கொரு பொட்டலம் குப்பை கட்டவைத்து மாநகராட்சி அலுவலகத்துக்கே கூட்டிப்போனவர். (அதற்கு மனு எழுதினால் எந்த வருடம் விசாரணைக்கு வந்திருக்குமோ!)

"அந்த ஜனதா காலனியையே 1976இல் இடித்துவிட்டார்களே, அமைப்பு என்ன செய்தது?" என்று எதிரணி கேட்கும். சரி, இடித்தார்கள், நெருக்கடி நிலைக் காலம் அது. ஆனாலும் அந்த மக்களைச் சிதறடிக்க முடியவில்லை. சீட்டா கேம்ப் என்ற பகுதியில் மாற்று இடம் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது.

வழக்குப் போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. தவணை வாங்க வழக்கு உதவும். நவம்பர் 1ஆம் தேதி காலையில் புல்டோசர் வந்தால் முன்னால் நிற்பது யார்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தம் பேச்சைத் தொடங்கட்டும்.