தண்டனை முடிந்த மறுநாள்

அவையோருக்கு வணக்கம்.

ஒருவனுக்குப் பதினான்கு ஆண்டு தண்டனை. அத்தனை ஆண்டையும் உள்ளேயே கழித்துவிட்டான். கதவு திறக்க வேண்டிய நாளில், "நீ போகக் கூடாது" என்கிறார்கள். புதிதாக ஏதாவது செய்தானா? இல்லை. செய்துவிடுவானோ என்ற பயம்தான்.

இது நான் கட்டிய கதை இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2003இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. கொடிய பாலியல் குற்றம் செய்து தண்டனை முடிக்கப்போகிறவனை இரண்டு மனநல மருத்துவர்கள் ஆராய்வார்கள். ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கண்டால் இரண்டு வழி உண்டு. உள்ளேயே வைத்துக்கொள்வது ஒன்று, கண்காணிப்போடு வெளியே விடுவது மற்றொன்று. அந்தச் சட்டம் செல்லும் என்று 2004இல், அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், நான் சொன்ன அந்தக் கைதி ஃபார்டனின் வழக்கில் சொன்னது. ஏழு நீதிபதிகளில் மைக்கேல் கிர்பி ஒருவர் மட்டும் மறுத்தார். அதே வழக்கில் 2010இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இப்படி அடைத்து வைத்தது நியாயமற்ற காவல் என்று சொல்லிவிட்டது.

பயப்படுகிறவர்களை நான் கேலி செய்ய வரவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அவன் விடுதலையாகும் தேதி எப்படிப்பட்ட தேதி என்று நமக்குத் தெரியாதா? எனக்கு உறுத்துவது வேறு விஷயம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நூறு பேர் வெளியே வருகிறார்கள். அவர்களில் பத்துப் பேர் மறுபடி குற்றம் செய்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் உள்ள சோதனை, நூற்றுக்கு எண்பது முறை சரியாகச் சொல்லும். நல்ல சோதனைதானே? அது அந்தப் பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கும். மீதித் தொண்ணூறு பேரில் பதினெட்டுப் பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக, அடைபடுகிற இருபத்தாறு பேரில் பதினெட்டுப் பேர் யாரையும் தொட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பதினெட்டுப் பேர் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பவன் "நான் செய்திருக்க மாட்டேன்" என்பதை எதை வைத்து நிரூபிப்பான்? வெளியே விட்டு நடந்த தவறு மறுநாளே தலைப்புச் செய்தியாகிவிடும். உள்ளே வைத்து நடக்கும் தவறுக்குச் செய்தியே கிடையாது.

ஒரு முறை அந்தத் திரை விலகியது. தண்டனைக் காலம் முடிந்தும் நியூயார்க்கில் குற்றவாளிகளுக்கான மனநல மருத்துவமனைகளில் அடைத்து வைத்திருந்தவர்களை உரிய நீதிமன்ற விசாரணை இல்லாமல் அப்படி வைக்க முடியாது என்று 1966இல் பாக்ஸ்ட்ராம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 967 பேர் சாதாரண மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். இனி என்ன ஆகுமோ என்று ஊழியர்கள் நடுங்கினார்கள். பின்தொடர்ந்து பார்த்த ஆய்வாளர்கள் கண்டதோ, பெரும்பாலோர் யாரையும் தாக்கவே இல்லை என்பதை.

கண்காணிப்பு என்றதும் ஏதோ சலுகை என்று நினைத்துவிட வேண்டாம். காலில் ஜி.பி.எஸ். பட்டை. அதற்கு நாள்தோறும் சார்ஜ் ஏற்ற வேண்டும், பட்டையைக் கழற்றாமலே. சில பட்டைகளுக்கு, ஒயர் எட்டுகிற தூரத்தில் நாற்காலி போட்டு, காலை நீட்டியபடி, வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்ட ஆள் போல உட்கார்ந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பக்கம் போகக் கூடாது, குடிக்கக் கூடாது, செல்போனைக் கேட்டால் கொடுக்க வேண்டும், வேலையோ வீடோ மாறுவதென்றால் அனுமதி வேண்டும். மீறினால் திரும்ப உள்ளே. கண்காணிப்பே மக்களுக்குப் போதிய பாதுகாப்புத் தரும் என்றால் காவலைவிட அதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று குயின்ஸ்லாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமே 2006இல் சொல்லியிருக்கிறது.

இங்கிலாந்தின் கதை இன்னும் மோசம். கால வரம்பில்லாத ஒரு தண்டனையை 2005இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தொள்ளாயிரம் பேர் வருவார்கள் என்று அரசு கணக்குப் போட்டது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விதிக்கப்பட்டது. திருந்திவிட்டேன் என்று காட்டப் பயிற்சி வகுப்பில் சேர வேண்டும், வகுப்பிலோ இடமில்லை! வகுப்பு முடிக்காததால் ஆபத்தானவன், ஆபத்தானவன் என்பதால் விடுதலை இல்லை. இது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இங்கிலாந்து அந்தத் தண்டனையை ஒழித்தது. ஏற்கெனவே அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் ஒழியவில்லை.

எந்தக் கண்காணிப்புக்கும் கட்டுப்படாதவன் எவனுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சிலர் உண்டு. ஆனால் கண்காணிப்பு ஏன் போதாது என்பதை, அடைக்கச் சொல்கிறவர்தான் ஒவ்வோர் ஆண்டும் நிரூபிக்க வேண்டும். வீடு கிடைக்கவில்லை, வகுப்பு நடக்கவில்லை, ஆள் பற்றாக்குறை என்பதெல்லாம் அரசின் குறை. அதற்கு அவன் எதற்கு உள்ளே இருக்க வேண்டும்?

"உங்கள் பக்கத்து வீட்டில் குடிவைப்பீர்களா?" என்று கீழே இறங்கியதும் யாராவது கேட்பீர்கள். தயங்குவேன். முதலில், அவனுடைய கண்காணிப்பு அதிகாரி யார், அவர் கையில் மொத்தம் எத்தனை பேர் என்று விசாரிப்பேன். பத்துப் பேர் என்றால் சரி, வரட்டும். அறுபது பேர் என்றால் வழக்குப் போடுகிற முதல் ஆள் நான்தான். அரசின் மேல்.