பைரைட் ஏன் பொடிந்து போகிறது?

[காட்சி: கறுப்புத் துணிமேல் பித்தளை நிறக் கனசதுரக் கல். பக்கத்தில் சாம்பல் நிறப் பொடி கிடக்கும் அட்டைப்பெட்டி.]

இரண்டுமே பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த, தங்கம்போல மின்னும் கனிமம். இடப்பக்கம் இருப்பது ஸ்பெயினின் நவாஹூன் சுரங்கத்துக் கல். வலப்பக்கப் பொடியும் ஒருகாலத்தில் பளபளத்த கல்தான்.

உங்களிடம் உள்ளது பைரைட்தானா என்று முதலில் பார்த்துவிடுவோம். தங்கத்தை உரைகல்லில் பார்ப்பதுபோல இதையும் உரசித்தான் பார்க்க வேண்டும். வெள்ளை டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கம் போதும். தங்கம் மஞ்சள் கோடு போடும்; பைரைட் பச்சை கலந்த கறுப்பு. செம்பும் கலந்த இன்னொரு மஞ்சள் கனிமமான சால்கோபைரைட்டின் கோடும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அதில் கத்தி முனை இறங்கும். பைரைட்டின் கடினம், கனிமங்களை 1 முதல் 10 வரை தரம் பிரிக்கும் மோஸ் அளவில் 6 முதல் 6.5, சாதாரணக் கத்திக்கு மசியாது. கீறிப் பார்ப்பதை அடிப்பக்கத்தில் செய்யுங்கள். காந்தம் இழுத்தால் அது பிர்ரோடைட் என்ற வேறொரு இரும்பு-கந்தகக் கனிமம்.

[காட்சி: கனசதுர முகத்தின் நெருக்கம்.]

முகங்களில் மெல்லிய வரிகள் தெரிகின்றனவா? ஒரு முகத்தின் வரிகள் அடுத்த முகத்தின் வரிகளுக்குச் செங்குத்தாக ஓடும். சேவல் கொண்டைபோல விரிந்திருந்தால் மார்கசைட். அதிலும் அதே இரும்பும் கந்தகமும்தான், அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. உருவம் தெரியாத கட்டியில் இந்த இரண்டையும் பிரிக்க எக்ஸ்ரே சோதனை வேண்டும். பாதுகாக்கும் முறை ஒன்றேதான், அதனால் மெனக்கெட வேண்டாம்.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து. சென்னையில் பெரும்பாலான மாதங்களில் அதற்கு மேல்தான். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து பைரைட்டை இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாற்றுகின்றன. சல்பேட் அதிக இடம் பிடிப்பதால் கல் உள்ளிருந்தே வெடிக்கும். அமிலம் லேபிளையும் பெட்டியையும் அரிக்கும். நுண்மணிகளாலான பைரைட்டும், பைரைட்டாக மாறிய அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர்) புதைபடிவங்களும்தான் முதலில் போகும்.

பாக்டீரியாதான் காரணம் என்று நினைத்துக் கிருமிநாசினியில் கழுவிய காலம் உண்டு. அந்தப் பாக்டீரியாவுக்கு ஏறக்குறைய 95 சதவீத ஈரப்பதம் வேண்டும். அலமாரியில் அது வாழாது. கழுவிய தண்ணீர்தான் கெடுதல் செய்தது.

[காட்சி: கையுறை, முகக்கவசம், உலர்ந்த தூரிகை.]

வெண்மஞ்சள் பொடியோ கந்தக வாடையோ தெரிந்தால் உடனே கல்லைத் தனியே எடுங்கள். லேபிளைப் படமெடுத்து, தனி பாலித்தீன் உறையில் போடுங்கள். எங்கே கிடைத்தது என்ற விவரம் அழிந்தால் கல்லின் மதிப்பில் பாதி போய்விடும். பொடியை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். தண்ணீர் கூடாது. வார்னிஷும் கூடாது: அமிலம் உள்ளேயே தங்கும், ஈரம் எப்படியும் ஊடுருவும். அருங்காட்சியகங்களில் அமோனியா ஆவி காட்டி அமிலத்தை முறிப்பார்கள். அந்த ஆவி மூச்சுக்கு ஆகாது, செம்பு உள்ள கனிமங்களையும் கெடுக்கும். வீட்டு வேலை அல்ல.

பிறகு, இறுக்கமாக மூடும் பாலிப்ரோப்பிலீன் டப்பா. 5 லிட்டருக்கு 100 கிராம், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்குக் கீழே நிற்கட்டும். ஈரம் ஏறியதும் பச்சைக்கு மாறும் ஆரஞ்சு ஜெல் வாங்குங்கள். நீல வகையில் நச்சான கோபால்ட் குளோரைடு இருக்கிறது. பச்சையானதும் 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் 2 முதல் 3 மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும்.

இதே டப்பாவில் போராக்ஸ் (வெண்காரம்) படிகத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள். வறண்ட காற்றில் அது தன்னிடமுள்ள நீரை இழந்து, வெள்ளைப் பொடி பூத்து மங்கிவிடும்.