34,000 ரூபாய் செலவைத் தடுத்த 180 ரூபாய் ஹைட்ரோமீட்டர்

வணக்கம் மக்களே. பொள்ளாச்சிக்கு இறங்கியாச்சு. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்! வால்பாறை வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்: அந்த மழையில் பொழுது சாய்ந்ததுமே, நான் குடியிருக்கிற வண்டியில், இரண்டு சோலார் பேட்டரியில் ஓடுகிற ஃபிரிட்ஜின் அலாரம் கத்த ஆரம்பித்தது, கமெண்டில் பாதிப் பேர் "அக்கா, பேட்டரி போச்சு" என்று எழுதினீர்கள். போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நேராக ஒரு பேட்டரி கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மீட்டரை வைத்தார். "11.9 காட்டுதும்மா, செத்துப் போச்சு. ரெண்டையும் மாத்திடுங்க, 34,000 ஆகும்" என்றார். அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. ஒரு பேட்டரிக்கு ஆறு செல். ஒரு செல்லைக்கூடப் பார்க்காமல் செத்துப் போச்சு என்று எப்படிச் சொல்லலாம்? 11.9 என்றால் சார்ஜ் கிட்டத்தட்ட காலி. காலியாகக் கிடப்பது வேறு, கெட்டுப்போவது வேறு.

அடுத்த தெருவில் ஒரு ஸ்பேர்ஸ் கடை. ஹைட்ரோமீட்டர் 250 என்றார்கள். இதோ, இதுதான்: கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் பல்ப், உள்ளே ஒரு மிதவை. செல்லில் இருக்கிற ஆசிட் எவ்வளவு கெட்டி என்று அந்த மிதவை காட்டும். இதற்கு எதற்கு 250? "அண்ணே, டிஸ்டில்டு வாட்டர் கேனும் உங்ககிட்டயே வாங்கிக்கிறேன்" என்றேன். 220 என்றார். நான் கிளம்புகிற மாதிரி திரும்பினேன். 200. கடைசியில் 180! பில்லைப் பாருங்கள், நூற்று எண்பது. பேட்டரி கடையில் கேட்ட 34,000-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் பன்னிரண்டு செல்லிலும் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, எடுத்தேன். சார்ஜ் இறங்க இறங்க இதுவும் இறங்கும். நம்முடையது 150 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள டியூபுலர், அதாவது தண்ணீர் ஊற்றுகிற லெட் ஆசிட் பேட்டரி, இரண்டு. வெறும் தண்ணீர் 1000 என்றால், இந்த வகைக்கு முழு சார்ஜில் 1240 வரவேண்டும். எல்லா செல்லும் 1130-க்கும் 1140-க்கும் நடுவில் இருந்தது. ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட ஐம்பது புள்ளி கீழே கிடந்திருந்தால் கடைக்காரர் சொன்னதை ஒத்துக்கொண்டிருப்பேன். எல்லாமே ஒன்றுபோல இறங்கியிருந்தால் அது நோய் இல்லை, பட்டினி.

வண்டியில் வாழ்கிறவர்களின் லெட் ஆசிட் பேட்டரியைப் பெரும்பாலும் இந்தப் பட்டினிதான் கொல்கிறது. கரண்ட் எடுக்க எடுக்க பிளேட்டில் லெட் சல்பேட் படியும். சீக்கிரமே முழுசாக சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். பாதி சார்ஜிலேயே வாரக்கணக்கில் விட்டால் படிகமாக இறுகிவிடும், அப்புறம் கரையாது. முதல் எண்பது சதவீதம் மடமடவென்று ஏறும், கடைசி இருபதுக்குத்தான் மணிக்கணக்கில் ஆகும். வால்பாறையில் மத்தியானமே மேகம் மூடினால் சோலாரில் அந்தக் கடைசி இருபது ஏறவே ஏறாது. சோலாரிலிருந்து பேட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் 14.4 வோல்ட் தெரிந்ததும் ஃபுல் என்று நினைக்காதீர்கள். அந்த 14.4-இல் நிற்கும்போது ஆம்பியர் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து நம்முடைய 300 ஆம்பியர்-அவருக்கு அது ஐந்து, ஆறு ஆம்பியருக்கு இறங்கினால்தான் ஃபுல்.

இங்கே ஒரு தோப்புக்கார அண்ணன் கரண்ட் கொடுத்தார். ராத்திரி முழுக்க சார்ஜர் போட்டுவிட்டு, காலையில் ஈக்வலைஸ், அதாவது எல்லா செல்லையும் சமமாக்க வேண்டுமென்றே வோல்டேஜைக் கூட்டி சார்ஜ் பண்ணுவது. 15.5 வோல்டில் சில மணி நேரம். குமிழ் குமிழாக வரும். அடியில் தங்கிய கெட்டி ஆசிட் மேலே வந்து கலக்கும். இது மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற பேட்டரிக்கு மட்டும்தான். ஜெல், எஸ்எம்எஃப் (தண்ணீரே ஊற்றாத மூடிய பேட்டரி), லித்தியம் எதற்கும் செய்யக்கூடாது. எத்தனை வோல்ட் என்று உங்கள் பேட்டரி கம்பெனி கொடுத்த தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருவது ஹைட்ரஜன், அதனால் கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு வேண்டவே வேண்டாம்.

இருங்கள், ஒன்று விட்டுவிட்டேன். ஈக்வலைஸுக்கு முன்னாடி ஃபிரிட்ஜ், லைட் எல்லாவற்றின் ஃபியூஸையும் பிடுங்கிவிட்டேன். 15.5 வோல்ட் அவற்றுக்கு ஆகாது. தண்ணீரும் அப்படித்தான், பிளேட் வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றுங்கள், மீதியை சார்ஜ் ஏறியபிறகு. ஆர்ஓ தண்ணீர் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. ஊற்றின கையோடு கிராவிட்டி எடுத்தால் மேலே நிற்கும் தண்ணீரைத்தான் காட்டும்.

சரி, எவ்வளவு வந்தது? 1230, 1235! எல்லா செல்லும்!

இனி இதைக் காப்பாற்ற வேண்டும். கன்ட்ரோலர் 11.1 வோல்ட் வரை இறங்கவிட்டுத்தான் லோடைத் துண்டிக்கும். அதை 12-க்கு ஏற்றிவிட்டேன். இன்வெர்ட்டரை எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். எதுவும் ஓடாமல் சும்மா இருந்தாலே 20 வாட் தின்கிறது என்றால் ஒரு நாளைக்கு 480 வாட்-அவர், அதாவது 40 ஆம்பியர்-அவர் வீண். லேப்டாப்புக்கு மட்டும் போடுவேன், உடனே அணைத்துவிடுவேன். ஃபேனும் ஃபிரிட்ஜும் நேராக 12 வோல்டில் ஓடுகின்றன. இண்டக்ஷன் அடுப்பு வாங்கச் சொல்லி இன்னும் எழுதுகிறீர்கள். 2000 வாட் என்றால் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் உருவும். வேண்டாம், கேஸ் இருக்கிறது.

லித்தியத்துக்கு மாறலாமே என்றும் கேட்கிறீர்கள். நல்ல பேட்டரிதான், பாதி சார்ஜில் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் உயிரோடு இருக்கிற இரண்டு டியூபுலரைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது.

ஆ, ஒயரிங்! இரண்டு பேட்டரியை பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து) போட்டிருப்பவர்கள் வெளியே போகிற ஒயருக்கு பிளஸ்ஸை ஒன்றிலிருந்தும் மைனஸை மற்றொன்றிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அது அதிகமாக உழைக்கும், மற்றது சரியாக சார்ஜ் ஆகாது. நாளைக்குக் காலையில் மறுபடி கிராவிட்டி எடுத்து, பன்னிரண்டு ரீடிங்கையும் கமெண்டில் பின் பண்ணுகிறேன். உங்கள் பேட்டரியின் ரீடிங்கையும் அதற்குக் கீழே போடுங்கள்.