குறள் வேண்டாம், தாயக்கட்டையை எடுங்கள்: பாஸ்வேர்டு பற்றிக் கொஞ்சம் பேசலாம்

வணக்கம் மக்களே. இன்று மேசை மேல் இரண்டே பொருள்கள்தான். ஒன்று பித்தளைத் தாயக்கட்டை, இன்னொன்று எழுநூறு பக்கத் தமிழ் அகராதி. கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், தெரிகிறதா? சரி. இவற்றை வைத்து ஒரு பாஸ்வேர்டு தயாரிக்கப் போகிறோம். விளையாட்டில்லை, நிஜமாகவே.

'நல்லதா ஒரு பாஸ்வேர்டு சொல்லுங்க' என்று கேட்பவர்கள் உண்டு. நான் சொல்லிவிட்டால் அது நல்ல பாஸ்வேர்டு இல்லை, அது உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்களே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததும் பெரும்பாலும் நல்ல பாஸ்வேர்டு இல்லை. இதைத்தான் பலர் ஒப்புக்கொள்வதில்லை.

முருகன்123 வைப்பவர்களை விடுங்கள். கொஞ்சம் விவரமானவர்கள் என்ன செய்வார்கள்? பிடித்த திருக்குறள் ஒன்றை எடுத்து, ஏழு சீருக்கும் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் கோத்து, கடைசியில் குறள் எண்ணைப் போடுவார்கள். பார்த்தால் ஒன்றும் புரியாத எழுத்துக் கூட்டமாகத்தான் இருக்கும். எவன் கண்டுபிடிப்பான் என்று தோன்றும். இப்போது கணக்கைப் பாருங்கள். வள்ளுவர் எழுதியதே 1330 குறள்கள். ஒவ்வொன்றையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் முன்னால், எண் பின்னால் என்று ஆயிரம் விதமாக எழுதலாம் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 13 லட்சத்து 30 ஆயிரம். அவ்வளவுதான்.

13 லட்சம் பெரிய எண்ணாகத் தெரியலாம். திருடுபவன் எப்படி முயல்கிறான் என்று பார்த்தால் அப்படித் தெரியாது. அவன் உங்கள் வங்கித் தளத்தின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பதில்லை. சில தடவை தப்பாகப் போட்டாலே அங்கே கணக்கு பூட்டிக்கொள்ளும். ஏதோ ஒரு தளத்தின் தகவல் தொகுப்பு மொத்தமாகக் களவு போகும். அதில் பாஸ்வேர்டுகள் நேரடியாக இருக்காது. ஹாஷ் என்ற கணக்கால் அரைக்கப்பட்ட வடிவத்தில் இருக்கும். திருடியவன் அதைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு யூகத்தையும் அதே மாதிரி அரைத்து, பொருந்துகிறதா என்று பார்ப்பான். அங்கே பூட்டும் இல்லை, ஓடிபியும் இல்லை. எம்டி5 என்ற பழைய முறையில் அரைத்திருந்தால், கேம் விளையாட விற்கும் உயர்ரக கிராபிக்ஸ் அட்டை ஒன்றே விநாடிக்கு 10,000 கோடி யூகங்களுக்கு மேல் பார்த்துவிடும். உங்கள் 13 லட்சம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

அரைப்பதாவது பரவாயில்லை. 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. அவை அரைக்கப்படாமல் அப்படியே கிடந்தன. அதில் 123456 வைத்திருந்தவர்கள் மட்டும் சுமார் 2.9 லட்சம் பேர். அந்தப் பட்டியலை இன்றும் பாஸ்வேர்டு உடைப்பவர்கள் அகராதி மாதிரி வைத்திருக்கிறார்கள். மனிதர்கள் எப்படி யோசிப்பார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

நம் ஊர் வழக்கம் ஒன்றும் இருக்கிறது. ஈ-ஆதார் பிடிஎஃப் கோப்பைத் திறக்க என்ன கேட்கும்? பெயரின் முதல் நான்கு எழுத்து, அப்புறம் பிறந்த ஆண்டு. பி. குமார் என்று இனிஷியலோடு இருந்தால் 'பி', புள்ளி, 'கே', 'யு' என்று அந்தப் புள்ளியையும் சேர்த்து நான்கு. இந்த முறை எல்லோருக்கும் தெரிந்தது, அதில் ரகசியம் எதுவும் இல்லை. கோப்பைப் பிரவுசிங் சென்டர் கணினியில் இறக்கி, பிரின்ட் எடுத்துவிட்டு, அழிக்காமல் வந்தால் அது கிட்டத்தட்ட திறந்தே கிடக்கிறது என்றுதான் அர்த்தம். இதைவிடப் பெரிய சிக்கல், இதே பாணியைப் பழக்கமாக்கிக்கொண்டு ஜிமெயிலுக்கும் நான்கு எழுத்து, பிறந்த ஆண்டு என்று வைப்பது. உங்கள் பெயர் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, பிறந்தநாள் வாழ்த்து ஃபேஸ்புக்கில் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

'ஏ'-க்குப் பதில் அட் குறி, 'ஓ'-வுக்குப் பதில் சுழியம், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி... இந்த வித்தை எங்கிருந்து பரவியது தெரியுமா? அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டில் பில் பர் என்பவர் 2000களின் தொடக்கத்தில் எழுதிய வழிகாட்டிதான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திரு, அடிக்கடி மாற்று என்றெல்லாம் அதில் இருந்தது. 2017-ல் அவரே ஒரு பேட்டியில் இதற்கு வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு நிஸ்ட்டும் அந்த விதிகளைக் கைவிட்டது. கலவை விதி வேண்டாம், கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் சும்மா மாற்றச் சொல்லவும் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். நம் ஊர்த் தளங்கள் பல இன்னும் பழைய பாட்டையே பாடுகின்றன. மாதாமாதம் மாற்றச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குவான். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், உடைப்பவனுக்கும் அது தெரியும்.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான்: பாஸ்வேர்டை உங்கள் மூளை தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த வேலையைக் கட்டையிடம் விட்டுவிடுங்கள்.

பகடை உருட்டிச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறைக்கு டைஸ்வேர் என்று பெயர். ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்ற அமெரிக்கர் 1995-ல் கொண்டுவந்தது. அதில் 7776 சொற்கள், எல்லாம் ஆங்கிலம். ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். நான் அதை நம் கட்டைக்கு மாற்றியிருக்கிறேன். தாயக்கட்டைக்கு நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. வெறுமைக்குச் சுழியம் என்று கணக்கு. ஒரு கட்டையை மட்டும் எடுத்து ஐந்து முறை உருட்ட வேண்டும். முதலில் விழுவதை 256-ஆல் பெருக்குங்கள், அடுத்ததை 64-ஆல், பிறகு 16, பிறகு 4, கடைசியை அப்படியே வைத்துக் கூட்டுங்கள். வருவது பக்க எண். அந்தப் பக்கத்தின் முதல் சொல்தான் உங்கள் சொல்.

உருட்டுகிறேன். ஒன்று. மூன்று. வெறுமை. இரண்டு. ஒன்று. 256, அதோடு 192, 8, 1. மொத்தம் 457. பக்கம் 457... தாழ்வாரம். நல்ல சொல்.

அடுத்தது. வெறுமை, இரண்டு, மூன்று, ஒன்று, மூன்று. 183. ஒட்டடை! சிரிக்காதீர்கள்.

மூன்றாவது. மூன்று, வெறுமை, இரண்டு... முதலிலேயே மூன்று விழுந்தால் 768, அகராதியில் அந்தப் பக்கமே இல்லை. அப்படி வந்தால் விட்டுவிட்டு முதலிலிருந்து உருட்ட வேண்டும். இரண்டு, ஒன்று, வெறுமை, மூன்று, இரண்டு. 590. முறுக்கு.

நான்காவது. ஒன்று, வெறுமை, ஒன்று, மூன்று, வெறுமை. 284. கிணறு.

எனக்கு 'ஒட்டடை' பிடிக்கவில்லை, மாற்றிவிடலாமா? கூடாது. பிடித்தது, பிடிக்காதது என்று ஆரம்பித்தால் மறுபடி உங்கள் மூளை உள்ளே நுழைந்துவிடுகிறது. அதே பக்கத்தில் அடுத்த சொல் அழகாக இருக்கிறதே என்று தாவக் கூடாது. சொற்களை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கவும் கூடாது. விழுந்தது விழுந்தபடிதான்.

நான்கு சொல் போதுமா? 700 பக்கத்துக்கு நான்கு சொல் என்றால் சுமார் 24,000 கோடி வாய்ப்புகள். அந்த கிராபிக்ஸ் அட்டைக்கு அது மூன்று விநாடி வேலைகூட இல்லை. ஆறு சொல் என்றால் 1,176 கோடி கோடி. இதை முழுக்க முயல எம்டி5-லேயே அதற்குப் பதின்மூன்று நாளுக்கு மேல் ஆகும். எட்டு எழுத்தில் எண், குறியீடு எல்லாம் கலந்து முழுக்கத் தற்செயலாக வைத்த பாஸ்வேர்டு ஒரு நாள்கூடத் தாங்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு, திருடன் இந்த வீடியோவைப் பார்த்து, இதே அகராதியைக் கையில் வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு போட்டது. முறை தெரிந்தாலும் பரவாயில்லை, கட்டை எப்படி விழுந்தது என்பது மட்டும் தெரியக் கூடாது. அதனால் மேலே வந்த நான்கையும் யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுடைய ஆறையும் கேமரா இல்லாத இடத்தில் உருட்டுங்கள்.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஆசைதான். ஆனால் 'கொ' எழுதும்போது வரும் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு துண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. தளம் அதைச் சரிசெய்யத் தெரியாததாக இருந்தால், போனில் திறந்த கணக்கு வேறு கீபோர்டு உள்ள லேப்டாப்பில் திறக்காது. அதனால் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். 'தாழ்வாரம்' என்பதில் ழகரத்துக்கு இரண்டு எழுத்தா ஒன்றா, நெடிலுக்கு 'ஏ' ஒன்றா இரண்டா என்று முதல் நாளே முடிவு செய்து, எல்லாச் சொல்லுக்கும் அதையே வையுங்கள். வாட்ஸ்அப்பில் கை எப்படிப் போகிறதோ அப்படியே வைத்துக்கொண்டால் நல்லது.

ஞாபகம் வைப்பது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. தாழ்வாரத்தில் ஒட்டடை அடிக்கிறார்கள், கோலில் முறுக்கு ஒன்று மாட்டிக்கொள்கிறது, அது கிணற்றில் போய் விழுகிறது. அபத்தமாக இருக்க இருக்க நன்றாக ஒட்டும். ஆனால் கதை மட்டும் போதாது, கைக்குப் பழக வேண்டும். முதல் ஒரு வாரம் கைரேகைத் திறப்பை அணைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் தட்டுங்கள். காலையில் இரண்டு முறை, ராத்திரி இரண்டு முறை. அதுவரை ஒரு தாளில் எழுதி பீரோவில் நகைப்பெட்டி பக்கத்தில் வையுங்கள். எழுதக் கூடாது என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் ஜிமெயிலை உடைக்க நினைப்பவன் வேறு ஏதோ நாட்டில் இருக்கிறான், அவன் உங்கள் பீரோவுக்கு வரப்போவதில்லை. ஏடிஎம் கார்டு உறையிலேயே பின் நம்பர் எழுதுவது வேறு கதை, அதைச் செய்யாதீர்கள்.

சரி, இப்படி எத்தனை மனப்பாடம் செய்வது? மூன்றுதான். போன் பூட்டு, மின்னஞ்சல், அப்புறம் பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது மற்ற பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைத்துக்கொள்ளும் செயலி. மற்றதெல்லாம் மேனேஜர் வேலை. பிட்வார்டன் இலவசமாகவே கிடைக்கிறது, கீபாஸ் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் கூகுளுடையது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ரயில் டிக்கெட், கரண்ட் பில், துணிக்கடை எல்லாவற்றுக்கும் அதுவே தாறுமாறாக ஒன்றை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கக்கூடத் தேவையில்லை. பிட்வார்டனின் இயல்பான அமைப்பில் ஒரு யூகத்தைச் சரிபார்க்கவே 6 லட்சம் சுற்றுக் கணக்குப் போட வேண்டும். அதனால் உங்கள் ஆறு சொல்லை முழுக்க முயல அதே கிராபிக்ஸ் அட்டைக்கு 20,000 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும்.

ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் ட்ராப்பாக்ஸ் நிறுவனத்தின் கதை போதும். அங்கே வேலை செய்த ஒருவர், வேறொரு தளத்தில் களவு போன அதே பாஸ்வேர்டைத் தன் அலுவலகக் கணக்குக்கும் வைத்திருந்தார். 2012-ல் அந்த வழியாக உள்ளே புகுந்தார்கள். 2016-ல் 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் வெளியே வந்தது. கணினியே தொழிலாக உள்ளவர்களுக்கே இந்தக் கதி.

மின்னஞ்சலை ஏன் தனியாகச் சொன்னேன் என்றால், எந்தத் தளத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்று அழுத்தினாலும் கடிதம் அங்கேதான் வரும். அதைப் பிடித்தவன் எல்லாவற்றையும் பிடித்தான். அதனால் அதற்கு ஆறு சொல்லோடு இரண்டாவது பூட்டும் போடுங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் மாறும் ஆத்தென்டிகேட்டர் செயலி எஸ்எம்எஸ்ஸைவிட நல்லது. போன் கையில் இல்லாதபோது பயன்படுத்த கூகுள் பத்து பேக்கப் எண்கள் தரும், அவற்றை எழுதி அதே பீரோவில் வையுங்கள். அப்புறம், மின்னஞ்சல் கணக்கில் கொடுத்துள்ள போன் நம்பர் இப்போதும் உங்களிடம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் சில மாதங்களில் வேறு யாருக்கோ போய்விடும், உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும்.

பாதுகாப்புக் கேள்விகள் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர், இருப்பது ஓர் இனிஷியல். படித்த பள்ளி எது என்று கேட்கும், அது பழைய மாணவர் குழுப் படத்திலேயே இருக்கிறது. உண்மையான பதில் தர வேண்டும் என்று சட்டம் இல்லை. கட்டையை உருட்டி வந்த சொல்லைப் போட்டு மேனேஜரில் குறித்து வையுங்கள். அம்மாவின் குடும்பப் பெயர் 'புடலங்காய்' என்று இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு மேனேஜரைக் கற்றுக்கொடுக்க முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு தளம், நீங்கள் உருட்டித் தந்த சொற்கள், பெரிய எழுத்தில். தினசரி காலண்டர் பின்னால் எழுதி ஹாலில் மாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். போனில் யார் கேட்டாலும், வங்கி என்றாலும் போலீஸ் என்றாலும், அந்த நோட்டைத் திறக்கக் கூடாது என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐயும் அதே அட்டையில் எழுதுங்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

கட்டை உருட்டும் கணக்கை மட்டும் ஒரு படமாகப் போட்டுக் கீழே இணைத்திருக்கிறேன். அகராதி எத்தனை பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, 600-க்குக் குறையாமல் இருந்தால் போதும்.