கள்ளுக்குக் குதிரை வால்

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ப்பெயர்ப் புதிர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுவதற்கு முன் ஒன்று போட்டுவிடுகிறேன். "கள்ளுக்குக் குதிரை வால் ஒட்டினால் மூன்றெழுத்து ஊர்."

சரி, முன்வரிசையில் ஒரு சிறுமி சொல்லிவிட்டாள். மதுரை. கள் என்றால் மது. குதிரையின் கடைசி எழுத்து ரை. வால் என்றால் கடைசி எழுத்து, தலை என்றால் முதல் எழுத்து. இது பழகிவிட்டால் இந்த வகைக்கு யார் துணையும் வேண்டாம்.

இன்னொன்று: "சாய்ந்துகொள்ளலாம், மெத்தென்று இருக்காது, பூட்டுக்குப் பேர்போனது." பூட்டு என்றதும் பாதிப் பேர் திண்டுக்கல் என்று சொல்லிவிடுவீர்கள். அந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் சாய்வதற்கும் அந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று என் வீட்டுப் பையன் கேட்டான். சோபாவில் வளர்ந்த பிள்ளைக்குத் திண்டு தெரியவில்லை. அவன் தாத்தாதான் சொல்லிக்கொடுத்தார்.

என்னை ஒரு வாரம் படுத்திய புதிர் இது: "ஆற்றில் போட்டதைக் குளத்தில் எடுத்தார், போட்ட இடத்தில் கிழட்டு மலை. ஏழு எழுத்து." நான் பரங்கிமலை, திருவண்ணாமலை என்று மலை மலையாக ஏறி இறங்கினேன். வெட்கத்தை விட்டு அம்மாவிடம் கேட்டேன். "ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுறதா? அது சுந்தரர் கதைடா" என்றார். மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்த கதை. எந்த ஊர் மணிமுத்தாறு என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எங்கள் கோயில் ஓதுவார் கேட்டவுடனே "திருமுதுகுன்றம்" என்றார். முது குன்று, கிழட்டு மலை! துள்ளினேன். விரல் விட்டு எண்ணினால் எட்டு எழுத்து. 'திரு'வை எடுத்தால் ஆறு. ஏழு மட்டும் வரவே இல்லை.

அப்புறம் ரயில்வேயில் இருந்த நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்கே ஜங்ஷன் இருக்கே, விருத்தாசலம்." விருத்தம் முதுமை, அசலம் மலை. தமிழ்ப் பெயரை அப்படியே வடமொழியில் மாற்றியிருக்கிறார்கள். திருமறைக்காடு வேதாரண்யமானதும் இதே கதைதான். மூன்று பேரில் ஒருவருக்கும் முழு விடை தெரியாது. அம்மாவுக்கு ஜங்ஷன் தெரியாது, ரயில்வேக்காரருக்குச் சுந்தரர் தெரியாது. கேட்டுக்கொண்டு அலைந்த எனக்கோ இரண்டும் தெரியாது!

உதவி கேட்கும்போது "விடை என்ன?" என்று கேட்காதீர்கள். இதுவரை எட்டியதைச் சொல்லி, எங்கே மாட்டிக்கொண்டோம் என்று கேளுங்கள். உதவுகிறவரும் முழு விடையைக் கொட்டிவிடக் கூடாது. அது சினிமா முடிவைச் சொல்லிக் கெடுப்பது மாதிரி. சில பெரியவர்கள் புதிரையே திருத்துவார்கள். தரங்கம்பாடிக்கு "அலை பாடிய ஊர், டேனியர் கோட்டை" என்று நான் போட்டபோது, "பாடி என்றால் குடியிருப்பு, பாடியது யார்?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். ஐயா, ஏமாற்றத்தானே புதிர்!

டீ வந்துவிட்டது. கையில் கிளாஸோடு இதை யோசியுங்கள்: "கடை இல்லாப் பழம், தலை இல்லாச் சனி. மூன்றெழுத்து." கண்டுபிடித்தவர்கள் கத்திவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் திணறினால், சண்முக நதி என்று மட்டும் சொல்லுங்கள்.