புது ஸ்டூடியோவுல எந்த மைக் கேக்கணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான். மும்பை தாராவிலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: “அண்ணே, நாங்க நாலு பேரு, மொத சிங்கிள், தனிப் பாட்டு ஒண்ணு, பண்றோம். அந்தேரில நாலு மணி நேரம் ஸ்டூடியோ புக் பண்ணியாச்சு. உள்ள எப்படி இருக்கும்னே தெரியாது. பாடறதுக்கு எந்த மைக் கேக்கட்டும்?” மூணு நாளா இது மண்டைக்குள்ளயே ஓடுது. ஏன்னா, பதினோரு வருஷம் முன்னாடி நானும் இதே கேள்விய வெச்சுக்கிட்டுத்தான் போனேன்.

தம்பி, மைக்க விடுங்க. ஹெட்போன்ல என்ன கேக்கப்போகுதுன்னு கேளுங்க. நம்ம பழைய ஆளுங்க சிரிக்கிறது தெரியுது, “ஆரம்பிச்சுட்டாரு”ன்னு. சிரிங்க. தம்புரா காதுல விழாம யாராவது சுருதி சேப்பாங்களா? காதுல போறதுதான் வாயில வரும்.

எங்க கதைய கேளுங்க. ஜூலை மாசம், கொட்டுற மழை. செம்பூர்ல ஏறி, குர்லால மாறி, தாதர்ல பாலம் ஏறி எறங்கி, வெஸ்டர்ன் லைன். மிருதங்கத்த பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, கொழந்த மாதிரி மடியில வெச்சுக்கிட்டு வந்தான் நம்ம ஆளு. ஒருத்தர் எழுந்து எடம் குடுத்தாரு, அவனுக்கில்ல, மிருதங்கத்துக்கு!

ஸ்டூடியோ உள்ள போயி ஹெட்போன மாட்டிக்கிட்டு பாட ஆரம்பிச்சா, என் குரல் எனக்கே லேட்டா வருது. என்னை மாதிரியே இன்னொருத்தன் பின்னாடி நின்னு பாடற மாதிரி. புது எடம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் இன்ஜினியர், பெரிய ஆளு, உக்காந்திருக்காரு, நமக்குத்தான் பாட வரலன்னு நெனச்சு வாயத் தொறக்கல. அவரு பட்டனை அழுத்தி “ஏக் அவுர்”, இன்னொண்ணுங்கறாரு. ஆறு டேக்! ஆறுலயும் இழுத்துக்கிட்டே பாடிருக்கேன்.

கடைசில எங்க பேஸ் கிட்டார்காரன், அவன் பேசறதே அபூர்வம், என் ஹெட்போன வாங்கி மாட்டிக்கிட்டு மைக் முன்னாடி ஒரு தட்டு தட்டினான். “டேய், ரெண்டு கேக்குதுடா”ன்னான். விஷயம் என்னன்னா, எங்களுக்கு முன்னாடி அங்க யாரோ மிக்ஸிங், அதாவது ரெக்கார்ட் பண்ணின சத்தங்கள ஒண்ணா கலக்கற வேலை, பண்ணிருக்காங்க. பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தன சத்தத் துண்ட சேத்து வெச்சு அனுப்புதுங்கற கணக்கு, 1024ல கெடந்திருக்கு. மிக்ஸிங்குக்கு அது சரி, கம்ப்யூட்டர் தெணறாது. பாடறவனுக்கு விஷம். நொடிக்கு 48,000 துண்டு (சாம்பிள்)னு வெச்சா 1024க்கு 21 மில்லிசெகண்ட். போயி வர கிட்டத்தட்ட 42. காத்துல சத்தம் அதுக்குள்ள 14 மீட்டர் போயிடும். லோக்கல் ரயில் பெட்டில முக்கால்வாசி தள்ளி நின்னு உங்க குரலையே நீங்க கேக்கறீங்க, எப்படித் தாளம் நிக்கும்? இன்ஜினியர் 128க்குக் கொறச்சாரு, சரியாப் போச்சு. ரெண்டு நிமிஷ வேலை, ஒன்றரை மணி நேரம் போச்சு.

அதுலயும், ஹெட்போன காது கிழியற மாதிரி வெச்சுக்காதீங்க, சுருதி எறங்கும். ஒரு பக்கத்த காதுலேருந்து தள்ளி வெச்சுப் பாருங்க. நான் இப்பவும் அப்படித்தான்.

சரி, மிருதங்கம். இத யாரும் கேக்க மாட்டேங்கறீங்க, நானே சொல்றேன். மழை ஈரத்துல தோல் தொய்ஞ்சு வந்துச்சு. வலந்தலைய, வலது பக்கத்த, கல்லால தட்டித் தட்டி சுருதிக்குக் கொண்டுவந்தான். உள்ள ஏசி, பல்லு கிட்டிக்கிற குளிரு. ஏசி ஈரத்த உறிஞ்ச உறிஞ்ச தோல் இறுகும், சுருதி மேல ஏறும். தொப்பில, அதான் இடது பக்கத்துல, அப்பின ரவை காஞ்சு பொலபொலன்னு கார்பெட்டுல கொட்டுது. அவன் தண்ணி தொட்டுத் தொட்டுப் பெசஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கான். வீட்டுக்கு வந்து, பஃபர் சரியானப்புறம் எடுத்ததுல ரெண்டாவது டேக் பல்லவியையும் எட்டாவது டேக் சரணத்தையும் ஒட்டிப் பாத்தா, ஒட்டல. அங்க ஒரு மிருதங்கம், இங்க ஒரு மிருதங்கம்! எடிட்டிங்ல பாத்துக்கலாம்னு சொன்னது நாந்தான், வேற யாரத் திட்டறது?

அதனால தம்பி, தாள வாத்தியம் எதுவா இருந்தாலும் ஒரு மணி நேரம் முன்னாடியே அந்த ரூம்ல வெச்சிருங்க. விட மாட்டேன்னா, வெளி வராண்டாலயாவது கெஞ்சிப் பாருங்க. உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு ஒண்ண பென் டிரைவ்ல கொண்டு போயி அவங்க ஸ்பீக்கர்ல மொதல்ல ஓட்டுங்க. அதுலயே பேஸ் கும்முனு கேட்டா, அந்த ரூம் கும்முது, உங்க பாட்டு இல்ல.

மைக்கா? நல்லதா ஒண்ணு அவங்களே மாட்டி வெச்சிருப்பாங்க. ஒரு சாண் தள்ளி நின்னு பாடுங்க.